மைமூனைத் தின்ற நோன்பு மாதம்

கடலுக்கு இந்தக் கரையில் மரைக்கான்பட்டினம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பள்ளிவாசல்களை எண்ணிவிடலாம், தென்னைகளைக்கூட எண்ணிவிடலாம், வாய்களை மட்டும் எண்ணி மாளாது. அந்த ஊரில் ஒரு ரமலான் மாதம், தலை நோன்பன்று, சாயங்கால அஸர் தொழுகை முடிந்த பிற்பாடு, ஜமாஅத் தலைவர் சேகனா ஹாஜியார் பள்ளித் தாழ்வாரத்தில் தூணோடு முதுகைச் சாய்த்து, காய்ந்த வயிற்றைத் தடவிக்கொண்டு, பொழுதைத் தள்ளுவதற்காக மைமூனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "புருசன் வேணாண்டு குலா வாங்கிட்டு வந்த பொம்பள, தெருவுல அடுப்பப் போட்டு எறால் வாடா சுடுறா, வாங்க வர்ற ஆம்பளைய மூஞ்சியப் பாத்துப் பேசுறா, காலம் கெட்டுப்போச்சுப்பா" என்று அவர் முடிப்பதற்குள் கடைவாயில் ஏதோ தட்டுப்பட்டது. நாக்கால் துழாவிப் பார்த்தார், பிறகு உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். ஒரு துண்டு இறைச்சி. பதமாக வெந்து, உப்பும் உறைப்பும் அளவாகச் சேர்ந்தது. விடியுமுன் சஹரில் தின்றதன் மிச்சம் என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் சஹருக்கு அவர் தின்றது மீன்.

"ஆமா, அவ உம்மா வளத்த லட்சணம் அப்படி" என்று ஒத்து ஊதிய பக்கத்து ஆளுக்கும் ஒரு துண்டு வந்தது. "அவ நடையே சரியில்ல" என்றவருக்கு இரண்டு துண்டு. நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு சொல்வதற்குள் தாழ்வாரத்தில் ஒரு கன்னம் பாக்கியில்லாமல் எல்லாம் உப்பியிருந்தன.

இதில் யாரும் பெரிதாகத் திகைத்துப் போய்விடவில்லை. புறம் பேசுவது செத்துப்போன சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்குச் சமம் என்று குர்ஆனில் இருப்பதை ஆண்டுக்கு ஆண்டு பயானில் கேட்டு, 'சுப்ஹானல்லாஹ்' என்று தலையை ஆட்டி, வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே அடுத்தவன் வீட்டுக் கதையை எடுக்கிற ஊர் அது. வேதத்தில் சொன்னது வாயில் நடந்தது, அவ்வளவுதான். அவர்களுக்கு இருந்த கவலையெல்லாம் ஒன்றுதான், நோன்பு முறியுமா முறியாதா என்பது.

பள்ளியின் இமாம் ஹஜ்ரத்திடம் போனார்கள். ஹஜ்ரத் நல்ல மனிதர். ஆனால் சம்பளம், குடியிருக்கும் வீடு, கரண்டு பில் எல்லாம் ஹாஜியார் கையில் இருக்கிற நல்ல மனிதர்.

"பேசாம இருந்துட்டா வராதே" என்றார் அவர் முதலில்.

தாழ்வாரமே அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. "பேசாம எப்படி ஹஜ்ரத் மஃரிப் வரைக்கும் இருக்கறது?" என்றார் ஹாஜியார். "நடக்கிற காரியமாச் சொல்லுங்க."

ஹஜ்ரத் கிதாபைப் புரட்டினார், தொண்டையைச் செருமினார், கடைசியில் வேண்டுமென்று விழுங்கினால் முறியும், தன்னறியாமல் உள்ளே போனால் முறியாது என்றார். அன்றிலிருந்து மரைக்கான்பட்டினத்தில் எல்லாருக்கும் எல்லாமே தன்னறியாமல் உள்ளே போயிற்று.

அப்படியொரு நோன்பு மாதத்தை அந்த ஊர் அதற்கு முன்பு கண்டதில்லை. வாடாத முகம், காயாத உதடு, சோராத நடை; சுபுஹு தொழுதுவிட்டு வாயைத் திறந்தால் பொழுது சாயும்வரை மூடவேண்டிய தேவையே இல்லாமல் ஆண்கள் பள்ளியிலும் பெண்கள் வீட்டு முற்றத்திலும் உட்கார்ந்து அல்லாஹ்வின் பெயரால் பட்டினி கிடந்தார்கள், கிடந்து கிடந்து கொழுத்தார்கள். மாமியார் இறைச்சி நார் நாராக இருக்கிறது என்றும், புது மருமகள் இறைச்சி பல்லுக்கு இதம் என்றும், பணக்காரர்கள் வெறும் கொழுப்பு என்றும் ஆளுக்கு ஆள் பக்குவம் சொன்னார்கள். துபாயிலும் ஜித்தாவிலும் சம்பாதிக்கப் போனவர்களுடையது மட்டும் கொஞ்சம் ஆறிப்போய் வந்தது. பள்ளியில் காய்ச்சுகிற நோன்புக் கஞ்சிக்கு வழக்கமாகத் தூக்குவாளியோடு தெருமுனைவரை நிற்கிறவர்கள் அந்த வருடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை; கஞ்சி ஏடு கட்டிக் கிடந்து கடைசியில் ஆடுகளுக்குப் போயிற்று. பெருநாள் உடுப்புக்கு முன்கூட்டியே அளவு கொடுத்தவர்கள் தையல்காரரிடம் திரும்பிப் போய், கொஞ்சம் பிரித்துவிடச் சொன்னார்கள்.

தின்றவர்களும் தின்னப்பட்டார்கள், அதில் பாரபட்சம் இல்லை. காலையில் எழுந்தால் ஹாஜியாருக்கே கெண்டைக்காலில் ஒரு குழி விழுந்திருக்கும்; ஆனால் அஸருக்குள் அவர் தின்கிற தீனியில் அந்தக் குழி தூர்ந்து, மேலுக்கு ஒரு மடிப்பும் விழுந்துவிடும். ஊரில் பேசாதவர் இல்லாததால் எல்லாருடைய சதையும் எல்லாரிடமும் சுற்றிச் சுற்றி வந்தது. தின்னாமல் தின்னப்பட்டவள் ஒருத்திதான் இருந்தாள்.

மைமூன் வாயில்லாப் பூச்சி அல்ல. ஊரிலேயே நீளமான நாக்கு அவளுடையது என்றுதான் பேர். ஆனால் அந்த நாக்குக்கு ஒரு பழக்கம் இருந்தது: எதுவானாலும் மூஞ்சிக்கு நேரே சொல்லும், ஆள் நகர்ந்துவிட்டால் அடங்கிவிடும். ஜமாஅத் கூட்டத்தில் புருசன் பரக்கத்தைப் பார்த்து, "நீ என்னைய அடிச்சே. பொறுத்தேன். இனிப் பொறுக்கறதுக்கு என் ஒடம்புல எடமில்ல" என்று சொன்னவள் அவள். சேர்ந்து வாழத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன ஹாஜியாரைப் பார்த்து, "மத்தியானம் பரக்கத்து வீட்டு விருந்துல தின்ன கைய இன்னும் சரியாக் கழுவல நீங்க, அதுக்குள்ள தீர்ப்பா?" என்று கேட்டவளும் அவள்தான். கூட்டத்தில் பாதிப்பேர் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் கேட்ட மணவிலக்கு, குலா, கிடைத்தது. ஊரின் மன்னிப்புக் கிடைக்கவில்லை. திருட்டை மன்னிப்பார்கள், வட்டியை மன்னிப்பார்கள், முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட உண்மையை மட்டும் இறந்தாலும் மன்னிக்கமாட்டார்கள்.

அவளும் உம்மா ஐனம்மாவும் வீட்டு வாசலில் அடுப்பு வைத்து, இறால் பூரணம் அடைத்த வாடா சுட்டு நோன்பு திறக்கிற நேரத்துக்கு விற்றுப் பிழைத்தார்கள். அந்த ரமலானில் வாடா வாங்க ஆளில்லை. வாடா சுடுகிறவளைத்தான் ஊர் தின்றுகொண்டிருந்தது.

முதலில் மோதிரம் கழன்று மாவுச் சட்டியில் விழுந்தது. பிறகு வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. பிறகு தோளில், தொடையில், விலாவில், யாரோ விரலால் கிள்ளி எடுத்த அளவில் குழிகள். வலி இல்லை, காயம் இல்லை, சதை மட்டும் இல்லை. மாதம் பாதி போவதற்குள் அவள் சட்டையைத் தோளில் குத்தூசி போட்டு நிறுத்தவேண்டியிருந்தது. ஐனம்மா அவளை ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இப்படியே போனால் பெருநாளைக்குத் தாங்காது என்றும், நோயாளி நோன்பை விடலாம் என்று உங்கள் மார்க்கத்திலேயே அனுமதி இருக்கிறதே என்றும் சொன்னாள்.

"நோய் எனக்கில்ல டாக்டர், ஊருக்கு" என்றாள் மைமூன். "அவங்கள விடச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து ஐனம்மா அழுதாள். உம்மா மட்டும் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாளே என்று மைமூனுக்குத் தோன்றியது. அழுது அழுது முகம் வீங்கியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"நீயும் பேசு மவளே" என்றாள் ஐனம்மா. "அந்த ஆளுவோ வண்டவாளம் ஒனக்குத் தெரியாததா? ஒரு வாய் பேசு. பேசுனா ஒடம்பு தேறிரும். ஊரே பேசுது, ஒனக்கு மட்டும் என்ன?"

"யாரப் பேசச் சொல்றே? ஹாஜியாரையா? அந்த ஆள என் வாய்க்குள்ள வைக்கச் சொல்றியா உம்மா? த்தூ."

அருவருப்புதான் அவளைக் காப்பாற்றியது, பக்தி என்று சொன்னால் அவளே சிரிப்பாள். ஆனாலும் பசி பொல்லாதது. ஒருநாள் சாயங்காலம், சுட்ட வாடா எல்லாம் விற்காமல் ஆறிக்கொண்டிருக்க, ஹாஜியார் பெண்சாதி நஃபீசா மாமி புது உடுப்பில் திணறிக்கொண்டு தெருவில் நடந்துபோனாள். அவள் மூலை திரும்பியதும் மைமூன் தன்னையும் மீறி, "இந்தப் பொம்பளைக்கி" என்று வாயைத் திறந்தாள். அவ்வளவுதான் சொன்னாள். நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்தது ஒரு துண்டு. வெதுவெதுப்பாக, நெய்யொழுக, அவள் பிறந்ததிலிருந்து தின்ற எந்தக் கல்யாணச் சாப்பாட்டிலும் இல்லாத சுவையோடு. ஒரு மூச்சு நேரம் அதை வைத்திருந்தாள். பிறகு அடுப்புச் சாம்பலில் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அது அத்தனை ருசியாக இருந்ததுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது. எதிரில் இருக்கிறவளைப் புறம் பேச முடியாதே! புர்காவை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, நேராக நஃபீசா மாமி வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் பாய் விரித்து அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், கன்னங்கள் அசைந்துகொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் அசைவு நின்றது.

"என்ன புள்ள, வெயில்ல வந்திருக்கே?" என்றாள் மாமி, அவசரமாக எதையோ விழுங்கிவிட்டு.

"பேசிக்கிட்டிருந்தீங்க. நானும் கேக்கலாமுண்டு வந்தேன் மாமி."

"ஒண்ணுமில்ல புள்ள. சும்மா, நோன்பு நேரம், நாலு நல்ல விஷயம் பேசிக்கிட்டிருந்தோம்."

"நல்லதாப் போச்சு. நாலுல மிச்சம் எத்தன இருக்கு?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள், அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணிக்கெல்லாம் ஒருத்திக்குத் தலை சுற்றியது, இன்னொருத்தி எச்சிலைக் கூட்டி விழுங்கினாள், நஃபீசா மாமி கடிகாரத்தையே பார்த்தாள். பாவம், அந்த மாதத்தில் முதல்முறையாக அவர்கள் நோன்பு வைத்தார்கள். அஸர் பாங்கு கேட்டு மைமூன் எழுந்துகொண்டதும், "வந்துட்டுப் போம்மா" என்று எல்லாரும் அன்பாக வழியனுப்பினார்கள். அவள் தெருமுனை திரும்பவில்லை, அதற்குள் பின்னால் அந்த வீட்டுப் பேச்சு மடை திறந்தாற்போலக் கேட்டது. பசித்துக் கிடந்தவர்கள் தின்றால் எப்படித் தின்பார்கள்? வீடு வந்து சேர்வதற்குள் அவளுடைய இரண்டு கன்னமும் போய்விட்டிருந்தன. உம்மா கதவைத் திறந்துவிட்டு, யார் நீங்கள் என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளால் அடுப்படிக்கு வரமுடியவில்லை. கூடத்துக் கட்டிலில் கிடந்தாள். ஆனாலும் மனசில் நிய்யத்து வைத்து நோன்பு பிடித்தாள், பேரீச்சம்பழத்தில் திறந்தாள், படுத்தபடியே தொழுதாள்.

ஹஜ்ரத்துக்கு உறுத்தியிருக்க வேண்டும். மாதத்தின் கடைசி வெள்ளி ஜும்ஆவில் மிம்பர் மேடையில் ஏறி, யாரையும் பார்க்காமல், விசிறியைப் பார்த்தபடி பேசினார். "அல்லாஹ்வுக்குச் செய்யவேண்டியதுல குறை வச்சா அல்லாஹ் மன்னிப்பான். மனுசருக்குச் செஞ்ச அநியாயத்த, அந்த மனுசர் மன்னிக்கிற வரைக்கும் அவனும் மன்னிக்கிறதில்ல. மறுமையில, மஹ்ஷர்ல, ஒங்க நோன்பையும் தொழுகையையும் எடுத்து, நீங்க யாரத் தின்னீங்களோ அவங்ககிட்டக் குடுத்துருவான்."

ஊர் அன்றைக்குத்தான் அரண்டது. இவ்வளவு காலம் வைத்த நோன்பெல்லாம் வாடா சுடுகிறவளிடம் போய்ச் சேர்ந்துவிடுமா? அவள் வேறு இன்றோ நாளையோ என்று கிடக்கிறாள். அவள் செத்துப்போய்விடுவாளே என்று ஒருவருக்கும் பயமில்லை. மன்னிக்காமல் செத்துப்போய்விடுவாளே என்றுதான் பயம்.

பிறை தேடுகிற நாளன்று அஸருக்குப் பிறகு ஊரே திரண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. ஆப்பிள், மாதுளை, பேரீச்சம்பழப் பெட்டி, உயர்ந்த அத்தர், பெருநாள் புடவை, எல்லாம் தாம்பாளங்களில் வந்தன. ஹாஜியார் உள்ளே வந்து கட்டிலுக்கு எட்டவே நின்றார், அவருக்குப் பின்னால் நஃபீசா மாமி, அதற்குப் பின்னால் வாசலும் தெருவும் நிறைய முகங்கள். கட்டிலில் இருந்தது தோல் போர்த்திய எலும்பும் இரண்டு கண்ணும்தான். அந்தக் கண் இரண்டும் நன்றாகவே இருந்தன, கண்ணைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லைபோலும்.

"தங்கச்சி" என்றார் ஹாஜியார். அதுவரை அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "புனிதமான மாசம். ஊர் சார்பா வந்திருக்கோம். தெரிஞ்சோ தெரியாமலோ யாராச்சும் ஏதாச்சும் பேசியிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிரு."

"தெரியாமப் பேசுனத இப்பவே மன்னிச்சிட்டேன்" என்றாள் மைமூன். குரல் மெலிந்திருந்தது, நாக்கு மெலியவில்லை. "தெரிஞ்சு பேசுனத மட்டும் சொல்லுங்க."

"சொல்றதுண்டா?"

"எம் பின்னால என்ன சொன்னீங்களோ, அத இங்க எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணொண்ணா. சொல்லச் சொல்ல மன்னிக்கிறேன். அல்லாஹ் மேல சத்தியம், ஒண்ணுகூடப் பாக்கி வைக்கமாட்டேன்."

ஹாஜியார் தாடியைத் தடவினார், வாயைத் திறந்தார், அந்தக் கண்களைப் பார்த்தார், வாயை மூடினார். "அதெல்லாம் இப்ப எதுக்குத் தங்கச்சி? பொதுவா மன்னிச்சிட்டா முடிஞ்சிச்சு."

"பொதுவாவா தின்னீங்க? துண்டு துண்டாத்தானே தின்னீங்க?"

"நஃபீசா, நீ சொல்லேன்" என்றார் ஹாஜியார்.

"நான் என்னத்தக் கண்டேன்? நான் ஒரு வார்த்தை பேசல" என்றாள் மாமி, சட்டையின் தையல் விட்டுப்போன இடத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு.

அவர்கள் சொல்லியிருக்கலாம். அவரவர் சொன்னதைச் சொல்லிவிட்டு மன்னிப்போடும் மாதம் முழுக்க வைத்த நோன்பின் கூலியோடும் வீட்டுக்குப் போயிருக்கலாம். கடலளவு மன்னிப்பு அந்தக் கட்டிலில் கிடந்தது, கையை நீட்டி எடுக்க ஒரு நெஞ்சு தேறவில்லை. கடைசியில் நின்றவர்கள் முதலில் நழுவினார்கள், பிறகு நடுவில் நின்றவர்கள், பிறகு தாம்பாளங்கள். "திமிரு பாத்தியா, சாகற நேரத்துலயும்" என்று தெருவில் யாரோ சொன்னது கேட்டது. கேட்டவுடன் மைமூனின் கழுத்தடியில் ஒரு குழி விழுந்தது. ஹாஜியார் வாசற்படி இறங்கும்போதே அவர் கன்னம் அசைய ஆரம்பித்துவிட்டிருந்தது.

ஐனம்மா மட்டும் போகவில்லை. இருட்டிக்கொண்டு வந்த கூடத்தில் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க போயிட்டாங்க உம்மா. விளக்கப் போடு."

ஐனம்மா விளக்கைப் போடவில்லை. "நான் சொல்றேன்" என்றாள்.

"என்னத்த?"

"அடுத்த வீட்டு ரமலாகிட்ட. நோன்பு ஆரம்பத்துல. ஆத்தமாட்டாமச் சொன்னேன். இவ பொறக்காமலே இருந்திருக்கலாம், பெத்த வயித்துல ஒரு கல்லப் பெத்திருக்கலாமுண்டு சொன்னேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "வாய்க்குள்ள வந்திச்சு. இனிச்சிச்சு மவளே. மறுநாளும் சொன்னேன். ஒனக்குக் கஞ்சி காச்சி வச்சுட்டுப் போய்ப் போய்ச் சொன்னேன்."

ஊர் முழுக்கத் தின்றபோது வராத வலி மைமூனுக்கு இப்போது வந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் இடது பக்கம், உள்ளே, பெரியதாக ஒரு துண்டு போயிருந்த இடத்தில். அன்று ஜமாஅத் கூட்டத்தில் ஹாஜியார் கையைப் பார்த்தது போல உம்மாவின் வாயைப் பார்த்தாள். வெறுக்க முடிந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள்.

"எம் மூஞ்சியப் பாத்துச் சொன்னியா இப்ப?" என்றாள் கடைசியில்.

"பாத்துத்தான் சொன்னேன்."

"அப்பச் சரி. மன்னிச்சிட்டேன். விளக்கப் போடு, ஒன்னப் பாக்கணும்."

ஐனம்மா எழுந்து விளக்கைப் போட்டபோது அவள் முகத்தின் வீக்கம் வடிந்து, கன்னம் பழையபடி ஒட்டியிருந்தது. கட்டிலில் மைமூனுக்கு நெஞ்சுப் பள்ளம் தூர்ந்து மூச்சு ஏறி இறங்கியது; கை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். ஊர் எடுத்துக்கொண்டது ஊரிடமே இருந்தது, உம்மா எடுத்துக்கொண்டது மட்டும் திரும்பிவந்திருந்தது. உயிரோடு இருக்க அது போதும். வெளியே பிறை தெரிந்துவிட்டதென்று பள்ளியில் மைக்கைத் தட்டினார்கள்.

பெருநாளன்று மரைக்கான்பட்டினத்தில் வீட்டுக்கு வீடு ஆட்டுக்கறி பிரியாணி வெந்தது. தொழுதுவிட்டு வந்து ஒருவரையொருவர் கட்டித் தழுவி, ஒருவர் சதையின் அளவை ஒருவர் கையால் பார்த்துக்கொண்டு, தட்டின் முன்னால் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் போட்டவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். கறி சக்கையாக இருந்தது. உப்பைப் போட்டார்கள், ஊறுகாயைத் தொட்டார்கள், சமைத்தவளைத் திட்டினார்கள்; ஒன்றும் உறைக்கவில்லை. மாதம் முடிந்துவிட்டதால் புறம் பேசிப் பார்த்தும் வாயில் எதுவும் வரவில்லை, வெறும் எச்சில்தான் ஊறியது. சேகனா ஹாஜியார் தட்டைத் தள்ளிவிட்டு, அடுத்த ரமலானுக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்று கேட்டார்.

தெருக்கோடி வீட்டில் ஐனம்மா கால் கிலோ கறி வாங்கி, நிறைய உருளைக்கிழங்கு போட்டு ஆணம் வைத்திருந்தாள். மைமூன் குத்தூசி போட்ட சட்டையோடு சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் ஐனம்மா, பயந்துகொண்டே.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள் மைமூன் உம்மாவின் முகத்தைப் பார்த்து, "ஆனா ஆடுதான்." பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.